விறகுக் கட்டும் சுயராஜ்யமும்

கௌசானிக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்துக்காகத்தான் போகிறார்கள். விடியற்காலையில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வடக்கு முகமாக நின்று, திரிசூல், நந்தாதேவி, பஞ்சசூலி என்று பனிச் சிகரங்களை விரல் விட்டு எண்ணுவது. எண்ணி முடித்ததும் தேநீர்க் கடையைத் தேடிப் போவது. சென்ற பங்குனியில் நாங்களும் அதற்காகத்தான் போனோம். திரிசூலத்தின் மேல் சூரியனுடைய முதல் கிரணம் படும் காட்சியை வர்ணிப்பதற்கு எனக்குத் திராணி கிடையாது. இதுவரை அதை வர்ணித்திருப்பவர்களுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலையில் என் மனைவி, "ஒரு விஷயம் கவனித்தீர்களா? நாம் எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளில் ஒருத்தியாவது அந்தப் பக்கம் திரும்பினாளா, பாருங்கள்!" என்றாள்.

பார்த்தேன். இடுப்பில் அரிவாளும் தோளில் கயிறுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் எங்களைக் கடந்து காட்டுப் பாதையில் ஏறிப் போனார்கள். சிரிப்பும் பேச்சுமாகத்தான் போனார்கள். ஆனால் சிகரத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது, பார்க்க நினைத்தாலும் பார்த்திருக்க முடியாது. ஒவ்வொருத்தியின் தலையிலும் ஆள் நீளத்துக்கு ஒரு விறகுக் கட்டு. அந்தச் சுமையோடு இறங்குகிறவளுக்குக் கண் முழுவதும் காலடியில்தான் இருக்க வேண்டும்.

அன்று முதல் நாங்கள் சிகரங்களை விட்டுவிட்டு விறகைக் கவனிக்கத் தொடங்கினோம். ஆகையால் இந்தக் கட்டுரையும் விறகைப் பற்றியதுதான். பனிமலையைப் பற்றிப் படிக்க ஆசைப்படும் நேயர்கள் இப்போதே அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். காத்கோதாம் என்னும் மலையடிவாரத்து ஸ்டேஷனோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. 1884-ம் வருஷத்தில் அங்கே வந்து சேர்ந்த ரயில் அதற்கு மேல் ஏறுவதற்கு இன்னும் துணியவில்லை. அங்கிருந்து மோட்டாரில் அல்மோரா. அல்மோராவிலிருந்து கோசி நதியை ஒட்டினாற்போல் சோமேசுவரம் வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் போனால் கௌசானி. கடல் மட்டத்துக்கு மேல் 1,900 மீட்டர் உயரம் இருக்கும். 1929-ம் வருஷம் கோடையில் காந்தி மகான் இங்கே இரண்டு வாரம் தங்கி, கீதைக்குத் தாம் எழுதிய 'அநாசக்தி யோக'த்தின் முன்னுரையை எழுதினார். அவர் தங்கியிருந்த வீடு இப்போது அநாசக்தி ஆசிரமம் என்ற பெயருடன் விளங்குகிறது.

ஹிமாசலத்து நதி என்றால் பனி உருகிப் பெருகி வருவது என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கோசி அப்படிப்பட்ட நதி அல்ல. அதற்குப் பனிமலையோடு எவ்வித உறவும் இல்லை. மழைக் காலத்தில் காட்டு மண் குடித்த தண்ணீர், வருஷம் முழுவதும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து ஊற்றாகி, ஊற்றுக்கள் ஓடையாகி, ஓடைகள் சேர்ந்துதான் கோசி ஆகிறது. அல்மோரா நகரம் குடிப்பது இந்தத் தண்ணீரை. காட்டு மண் குடிக்காவிட்டால் பட்டணத்துக்கும் குடிக்க இல்லை.

எந்தக் காடாக இருந்தாலும் மண் இப்படித் தண்ணீரைக் குடிக்குமா என்றால், குடிக்காது. அங்கேதான் இரண்டு மரங்களின் கதை ஆரம்பமாகிறது.

வழி நெடுகக் கண்ணில் படுவது பைன் மரம். ஊரார் 'சீட்' என்கிறார்கள். நெட்டையாக, நேராக, அணிவகுத்து நிற்கும் சிப்பாய்களைப் போல் மலை முழுவதும் நிற்கிறது. உடம்பில் கீறினால் பிசின் வடியும். கோடையில் அதன் ஊசியிலைகள் உதிர்ந்து தரையெல்லாம் பழுப்பு நிறத்தில் பாய் விரித்தாற்போல் கிடக்கும். அதற்குப் 'பிருல்' என்று பெயர். அதன் மேல் கால் வைத்தால் எண்ணெய் தடவிய தளத்தில் நடப்பது போல் வழுக்குகிறது. புல்லை முளைக்க விடாது, மாடு தின்னாது, ஒரு நெருப்புப் பொறி விழுந்தால் மட்டும் மலையையே கொளுத்திவிடும். பெரிய பைன் மரத்துக்குத் தடித்த பட்டை இருப்பதால் அந்தத் தீ அதை அதிகமாகப் பாதிப்பதில்லை. சுற்றியுள்ள மற்றச் செடிகொடிகள்தாம் சாம்பலாகின்றன. வெந்த நிலத்தில் பைன் விதையே முதலில் வந்து விழுந்து முளைக்கிறது.

இன்னொரு மரத்துக்குப் பாஞ்ஜ் என்று பெயர். ஓக் ஜாதி. பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. கோணலும் மாணலுமாக வளர்ந்து, உடம்பெல்லாம் பாசி படர்ந்து, வயதான சம்ஸாரியைப் போல் காட்சி அளிக்கும். இலையின் மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் சாம்பல் பூத்த வெண்மை. ஆனால் குணத்தில் இந்த மரத்துக்கு ஈடு கிடையாது. பச்சை இலை மாட்டுக்குத் தீனி. காய்ந்த இலை கொட்டிலில் படுக்கை. பிறகு அதுவே சாணத்தோடு சேர்ந்து வயலுக்கு எரு. கிளை விறகு நின்று நிதானமாக எரியும். அணைந்த பிறகும் தழல் வெகு நேரம் கணகணவென்று இருக்கும். அடியில் மக்கிக் கிடக்கும் இலைப்படுகை பஞ்சு போல் மழை நீரைப் பிடித்துக்கொள்ளும். பாஞ்ஜ் காட்டுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு 'நௌலா' இருக்கிறது. நௌலா என்பது கல்லால் படி கட்டி, மேலே சின்னக் கோயில் மாதிரி கூரை போட்ட ஊற்றுக் கிணறு. பங்குனியில் பாஞ்ஜுக்கு நடுவே புராம்ச் மரங்கள் ரத்தச் சிவப்பாகப் பூத்திருந்தன.

சர்க்காருக்குப் பைன் பிடித்தது. ஊர்ப் பெண்களுக்குப் பாஞ்ஜ் பிடித்தது. இதில் விளைந்த வழக்கு நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது என்று சொல்லலாம்.

1815-ல் கூர்க்கர்களிடமிருந்து குமாயூனைக் கைப்பற்றிய கும்பெனியார் ஆரம்பத்தில் காட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1823-ல் ஊருக்கு ஊர் எல்லை வகுத்துக் கொடுத்தார்கள். எல்லைக்கு உட்பட்ட காடு தங்களுடையது என்று ஜனங்கள் எண்ணியதில் ஆச்சரியமில்லை. பின்னால் ரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போட லட்சக்கணக்கான கட்டைகள் வேண்டியிருந்தன. பைன் பிசினுக்கு டர்ப்பண்டைன் ஆலையில் கிராக்கி ஏற்பட்டது. 1893-ல், அளந்து பட்டா கொடுக்கப்படாத நிலம் முழுவதும் சர்க்கார் காடு என்று ஓர் உத்தரவு பிறந்தது. அதுவும் போதாதென்று 1911 முதல் 1917 வரையில் மறுபடியும் எல்லைக் கல் நட்டு, காட்டின் பெரும் பகுதியை ஒதுக்கி வைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாடு, எவ்வளவு புல், எந்த மரத்தில் கிளை கழிக்கலாம் என்பதற்கெல்லாம் ரிஜிஸ்தர் வந்தது. தாத்தா நட்ட எல்லைக்குள் பேத்தி அரிவாளோடு நுழைந்தால் அபராதம்!

இதற்கு மேல் 'கூலி உதார்' என்று ஒரு கொடுமை. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் மலைக்கு வந்தால் அவருடைய பெட்டி படுக்கைகளை ஊரார் முறை வைத்துச் சுமக்க வேண்டும். யாருக்கு எப்போது முறை என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு பதிவேடு இருந்தது. 1921-ம் வருஷம் ஜனவரி மாதம், நாம் பொங்கல் பொங்கும் அதே மகர சங்கராந்தி அன்று, சரயுவும் கோமதியும் கூடும் பாகேசுவரத்தில் உத்தராயணித் திருவிழா. பத்ரி தத்த பாண்டே முதலிய தேசபக்தர்கள் தலைமையில் பல்லாயிரம் பேர் கூடி, இனிமேல் சுமப்பதில்லை என்று நதியின் நீரைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். கிராமத் தலைவர்கள் கொண்டுவந்திருந்த கூலிப் பதிவேடுகளை ஆற்றில் எறிந்தார்கள். கௌசானியிலிருந்து பாகேசுவரம் அதிக தூரமில்லை. போகிறவர்கள் அந்தச் சங்கமத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

முதுகுச் சுமை அன்றோடு இறங்கிற்று. தலைச்சுமைக்கு வழி பிறக்கவில்லை. அந்த வருஷம் கோடையில் குமாயூன் காடுகள் பற்றி எரிந்தன. இடி விழுந்து பற்றிய தீ அல்ல. ஜனங்கள் வேண்டுமென்றே வைத்த தீ. இந்தச் சம்பவங்களை ஆராய்ந்து 1989-ல் புத்தகம் வெளியிட்ட ராமச்சந்திர குஹா ஒரு ருசிகரமான விஷயத்தைச் சுட்டிக் காட்டுகிறார். எரிந்தவை பெரும்பாலும் சர்க்கார் பிசின் எடுக்கும் பைன் காடுகள். பெண்கள் தழை ஒடிக்கும் பாஞ்ஜ் காடுகளில் ஜனங்கள் கை வைக்கவில்லை. கோபத்திலும் கணக்குத் தவறவில்லை, பாருங்கள்!

சர்க்கார் அதே வருஷத்தில் ஒரு விசாரணைக் கமிட்டியை நியமித்தார்கள். கமிட்டியார் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். அப்போது மலைநாட்டில் வக்கீலாக இருந்து, பிற்காலத்தில் ஐக்கிய மாகாணத்தின் முதல் மந்திரியான கோவிந்த வல்லப பந்த், 1922-ல் குமாயூன் காடுகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். பக்கத்துச் சமஸ்தானமான டேஹ்ரியில் இதே வழக்கு வேறு விதமாக முடிந்தது. காட்டு எல்லையை எதிர்த்து 1930-ம் வருஷம் மே 30-ந் தேதி யமுனைக் கரையில் திலாரி மைதானத்தில் கூடிய ஜனங்கள் மீது சமஸ்தானத்துச் சிப்பாய்கள் சுட்டார்கள்.

குமாயூனில் 1931-ல் ஒரு புதிய சட்டம் வந்தது. ஒரு கிராமத்தார் விரும்பினால், தங்கள் எல்லையை அடுத்த காட்டைத் தாங்களே பஞ்சாயத்து வைத்து ஆளலாம். இதற்கு 'வன பஞ்சாயத்து' என்று பெயர். தேசத்துக்குச் சுதந்திரம் வருவதற்குப் பதினாறு வருஷத்துக்கு முன்பே, நெருப்பு வைத்தவர்களின் கையில் சர்க்கார் காட்டைக் கொடுத்தார்கள்! கொடுத்தவர்களின் பெருந்தன்மை என்று இதைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சேவகனை நிறுத்த அவர்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. இன்று உத்தராகண்டத்தில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட வன பஞ்சாயத்துக்கள் இருக்கின்றன.

ஒரு வன பஞ்சாயத்து எப்படி நடக்கிறது? கௌசானிக்குக் கீழே உள்ள ஒரு கிராமத்தில் நாங்கள் இரண்டு நாள் இதைத்தான் விசாரித்துக்கொண்டு திரிந்தோம். ஊரார் சேர்ந்து சில அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவர் சர்பஞ்ச். காடு வருஷம் முழுவதும் திறந்திருப்பதில்லை. மழைக்காலம் முடிந்து புல் முற்றியதும் ஒரு நாள் குறித்து, வீட்டுக்கு ஓர் ஆள், ஓர் அரிவாள் என்று கணக்கு வைத்து உள்ளே விடுவார்கள். பாஞ்ஜ் தழை ஒடிப்பதற்கும் அப்படியே நாள் உண்டு. மலைச்சரிவைப் பாகம் பிரித்து, இந்த வருஷம் இது, அடுத்த வருஷம் அது என்று முறை மாற்றுகிற ஊர்களும் இருக்கின்றன. காய்ந்து விழுந்த சுள்ளியை எடுக்கலாம். கோடரி கொண்டு போகக் கூடாது. நடுக்கிளையைத் தொடக்கூடாது, குருத்து இருந்தால்தான் மரம் மீளும். காவலுக்கு ஓர் ஆள். அவனுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பணமாகவோ தானியமாகவோ ஊரார் கொடுப்பார்கள்.

விதியை மீறினால்? அபராதம் உண்டு. ஆனால் அபராதத்தை விடப் பெரிய தண்டனை ஒன்று இருக்கிறது. திருட்டுத்தனமாகக் காட்டில் நுழைந்தவளின் அரிவாளையும் கயிற்றையும் பறித்துக்கொண்டு விடுவார்கள். வெறுங்கையோடு ஊருக்குள் திரும்பி வந்து, சர்பஞ்ச் வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். நம் பக்கத்தில் பட்டியில் அடைத்த மாட்டை மீட்கப் போகிறவனின் முகத்தைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இதன் வேகம் தெரியும்.

மனிதர்களுடைய காவல் போதாத இடத்தில் தெய்வத்தையும் துணைக்கு அழைக்கிறார்கள். அல்மோராவுக்குப் பக்கத்தில் சிதயீ என்னும் இடத்தில் கோலு தேவதையின் கோயில் இருக்கிறது. நியாயம் வழங்கும் தெய்வம். கோர்ட்டில் தீராத வழக்குள்ளவர்கள் முத்திரைக் காகிதத்தில் மனு எழுதிக் கோயிலில் கட்டுகிறார்கள். வழக்கு ஜெயித்தால் மணி கட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான மணிகள் தொங்குகின்றன! இந்த ஜனங்கள் சில ஊர்களில், நலிந்துபோன காட்டை இத்தனை வருஷம் என்று கெடு வைத்துத் தேவிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கெடு முடியும் வரையில் அங்கே யாரும் அரிவாளோடு நுழைவதில்லை. காவல்காரன் தூங்கலாம், தேவி தூங்குவதில்லை.

இதெல்லாம் பட்டிக்காட்டு ஏற்பாடு, சர்க்கார் நிர்வாகத்துக்கு ஈடாகுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. சோமநாதன், பிரபாகர், மேத்தா என்னும் மூன்று அறிஞர்கள் குமாயூன் காடுகளை ஆராய்ந்து 2009-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்துக் காடுகள் சர்க்கார் காடுகளை விட எவ்விதத்திலும் தாழ்ந்திருக்கவில்லை. செலவோ சர்க்காருக்கு ஆவதில் பத்தில் ஒரு பங்கு கணக்குத்தான். அருண் அகர்வால் என்பவர் 2005-ல் எழுதிய புத்தகம் வேறு ஒரு கேள்வியைக் கேட்கிறது. 1921-ல் காட்டைக் கொளுத்தினவர்களின் பேரன்மார் எப்படிக் காட்டுக்குக் காவல்காரர்களாக மாறினார்கள்? காவலில் பங்கெடுத்தவனுக்கே காட்டின் மேல் கவலை பிறந்தது என்பது அவர் கண்ட விடை.

இவ்வளவையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மிகவும் உற்சாகமாகத் திரும்பி வந்தேன். என் மனைவி அடுக்களையில் வேறு ஒரு விசாரணைக் கமிட்டியை நடத்திக்கொண்டிருந்தாள்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுப் பாட்டியாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். குமாயூனில் பாட்டியை 'ஆமா' என்று அழைக்கிறார்கள். இதனால் எங்களுக்கு முதல் நாள் ஏற்பட்ட குழப்பத்தை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். பேரக் குழந்தை "ஆமா! ஆமா!" என்று கூவும்போதெல்லாம், எதற்கு இவ்வளவு சம்மதம் தெரிவிக்கிறது என்று என் மனைவி திகைத்துப் போனாள்.

அடுக்களையின் ஒரு மூலையில் காஸ் சிலிண்டர் பூ வேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு, புது மாட்டுப் பெண்ணைப் போல் அடக்கமாக வீற்றிருந்தது. நடுவில் மண் அடுப்பு ஜாம் ஜாம் என்று எரிந்துகொண்டிருந்தது. சுவரும் கூரையும் கரி பூசிய கறுப்பு.

"காஸ் இருக்கிறதே ஆமா, பின் ஏன் இந்தப் புகை?" என்று என் மனைவி தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டிருக்கிறாள்.

"தேநீருக்கும் விருந்தாளிக்கும் காஸ். எங்களுக்கும் எருமைக்கும் அடுப்பு" என்று ஆமா பதில் சொல்லியிருக்கிறார்.

இது வேடிக்கையாகச் சொன்னதல்ல. எருமைக்குத் தினமும் தீனி வேக வைக்க வேண்டும். குளிர் காலத்தில் குளிக்க வெந்நீர் வேண்டும். மார்கழியிலும் தையிலும் வீட்டார் எல்லோரும் அடுப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள். காஸ் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து யாரும் குளிர் காய முடியாது. 2016-ல் ஆரம்பித்த உஜ்வலா திட்டத்தில் ஏழைப் பெண்களின் பெயரில் காஸ் இணைப்புக் கொடுக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் முதல் சிலிண்டர் வருவது சுலபம். இரண்டாவதற்குக் கையில் பணம் வேண்டும். மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. வண்டி சாலையோடு நின்றுவிடும். வீடு சாலைக்கு மேலேயோ கீழேயோ இருக்கும். நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய முப்பது கிலோ எடை. ஒரு சுமை விறகும் அவ்வளவுதான். சுமக்கிற தலையும் அதேதான்!

புகையைச் சாமானியமாக எண்ணக் கூடாது. வீட்டு அடுப்புப் புகையினால் உலகத்தில் ஒரு வருஷத்தில் 32 லட்சம் பேர் மாண்டு போனதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ம் வருஷத்துக்குக் கணக்குச் சொல்கிறது. தஞ்சாவூரில் பிறந்த நம் ஜே. ஸி. குமரப்பா வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய நாளிலேயே, அங்கே மகன்வாடியில் புகைபோக்கி வைத்த 'மகன் சூல்ஹா' என்னும் மண் அடுப்பை உருவாக்கினார்கள். 1983-ல் சர்க்காரும் தேசம் முழுவதும் சீர்திருத்த அடுப்புக்களை வழங்கத் தொடங்கினார்கள். புகைபோக்கியை மாதந்தோறும் சுத்தம் செய்ய வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. பல வீடுகளில் அடைபட்ட புகைபோக்கி மட்டும் ஞாபகச் சின்னமாக மிஞ்சியது.

"ஊர்ப் பஞ்சாயத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்களே, அதில் விறகு சுமக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டீர்களா?" என்றாள் என் மனைவி.

அதுதான் இந்த விஷயத்தின் உயிர்நிலை. 1931-ம் வருஷத்துச் சட்டம் காட்டைக் கிராமத்துக்குக் கொடுத்தது. கிராமம் என்றால் ஆண்பிள்ளைகள் என்று எல்லோரும் அர்த்தம் செய்துகொண்டார்கள். காட்டுக்குப் போகிறவள் ஒருத்தி. காட்டுக்கு விதி செய்கிறவன் வேறொருவன். இதனால் என்ன நேரும் என்பதை 1980-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சமோலி ஜில்லாவைச் சேர்ந்த டூங்ரீ பைந்தோலி என்னும் ஊரில் கண்டார்கள். உருளைக்கிழங்குப் பண்ணை அமைப்பதற்காக ஊரின் பாஞ்ஜ் காட்டை வெட்டுவது என்றும், அதற்குப் பிரதியாகச் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வரும் என்றும் ஏற்பாடாயிற்று. ஆண்கள் சம்மதித்துவிட்டார்கள். பெண்கள் சம்மதிக்கவில்லை. அந்தக் காடு போனால் அடுத்த காடு எத்தனை கிலோமீட்டர் தூரம் என்பது சுமப்பவர்களுக்குத்தானே தெரியும்? வெட்ட வந்தவர்களை மறித்துக்கொண்டு காட்டில் நின்றார்கள். காடு பிழைத்தது.

அதே ஜில்லாவில் ரேணி கிராமத்தில், 1974-ம் வருஷம் மார்ச் 26-ந் தேதி, ஆண்கள் யாரும் ஊரில் இல்லாத சமயத்தில் கௌராதேவி என்னும் மாது இருபத்தேழு பெண்களுடன் சென்று காண்டிராக்டரின் ஆட்களைத் திருப்பி அனுப்பியது தேசப் பிரசித்தமான கதை. அந்தச் சிப்கோ இயக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ரேணியில் எதிராளி வெளியூரான். டூங்ரீ பைந்தோலியில் எதிராளி வீட்டுக்காரன். எது அதிகக் கஷ்டம் என்பதைப் பெண்மணிகளே தீர்மானிக்கட்டும்.

கௌசானியில் இந்த விதையைப் போட்டவர் ஓர் ஆங்கிலேய மாது. லண்டனில் பிறந்த காதரின் ஹெய்ல்மன், காந்தி மகானிடம் வந்து ஸரளா பஹன் ஆனார். 1942 இயக்கத்தில் சிறை சென்றார். 1946-ல் மலைநாட்டுப் பெண் குழந்தைகளுக்காகக் கௌசானியில் லக்ஷ்மி ஆசிரமத்தைத் தொடங்கினார். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினால் விறகுக்கு யார் போவது என்று கேட்ட காலம் அது. அவர் நடத்திய ஆசிரமத்தில் ஏட்டுப் படிப்போடு வயல் வேலை, மாட்டு வேலை, நூல் நூற்பு எல்லாம் சேர்ந்திருந்தன. அங்கே படித்த பெண்கள் பின்னால் சாராய ஒழிப்பிலும் காடு காப்பதிலும் முன் நின்றார்கள். கௌசானிக்கு அருகே கீராகோட் கிராமத்துப் பெண்கள், மாக்கல் சுரங்கத்தினால் தங்கள் காடும் வழியும் பாழாவதை எதிர்த்து நின்று, 1980-களின் தொடக்கத்தில் அந்தச் சுரங்கத்தை மூடச் செய்தார்கள்.

2000-ம் வருஷத்தில் உத்தராகண்டம் தனி ராஜ்யமான பிறகு செய்த விதிகளில் வன பஞ்சாயத்தில் பெண்களுக்கென்று இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதே கையோடு வன இலாகா ஊழியரையே பஞ்சாயத்துக்குக் காரியதரிசியாகவும் போட்டார்கள்! வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடித்துக்கொள்ளும் வித்தை எல்லாச் சர்க்கார்களுக்கும் கைவந்ததுதான்.

கௌசானியிலிருந்து திரும்பும்போது, அல்மோராவுக்குத் தென்மேற்கே ஸீத்லாகேத் என்னும் சிற்றூரில் ஒரு நாள் தங்கினோம். மேலே ஸ்யாஹி தேவியின் கோயில். கோயிலைச் சுற்றி அடர்ந்த பாஞ்ஜ் காடு. கோசியில் வந்து சேரும் பல ஓடைகள் இந்த மலையில்தான் பிறக்கின்றன. இந்தக் காடும் ஒரு சமயம் மொட்டையாகிக்கொண்டுதான் வந்தது. சுற்றுப்புறத்துக் கிராமப் பெண்கள் ஒன்று கூடி, பச்சை மரத்தில் கோடரி வைப்பதில்லை என்று தங்களுக்குள் தீர்மானம் செய்துகொண்டார்கள். வேறு யாரும் விதித்த விதி அல்ல. சுமக்கிறவர்களே செய்துகொண்ட விதி.

தீர்மானத்தோடு நின்றிருந்தால் அது நிலைத்திராது. காடு எதனால் குறைகிறது என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். விறகு ஒரு காரணம். இன்னொரு காரணம், நமக்குத் தோன்றவே தோன்றாத ஒன்று: கலப்பை! வருஷந்தோறும் புதுக் கலப்பை செய்வதற்காக ஆயிரக்கணக்கான இளம் பாஞ்ஜ் மரங்கள் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. போஷி சேன் ஸ்தாபித்த விவேகானந்த ஆராய்ச்சிசாலை இப்போது அல்மோராவில் சர்க்கார் விவசாய ஆராய்ச்சி நிலையமாக இருக்கிறது. அங்கே மலை மாடுகளுக்கு ஏற்ற கனம் குறைந்த இரும்புக் கலப்பை ஒன்றைத் தயாரித்து, இந்தத் தேவியின் பெயரையே சேர்த்து 'வி. எல். ஸ்யாஹி' என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு வீடு இரும்புக் கலப்பை வந்தது. காஸ் அடுப்பும் வந்தது. மரம் தழைக்க அவகாசம் கிடைத்தது.

மற்றொன்று நெருப்பு. வயல் வரப்பில் வளர்ந்த முட்களையும் புதர்களையும் வெட்டிக் குவித்துக் கொளுத்துவதை 'ஓண்' என்கிறார்கள். முன்னெல்லாம் இதைச் சித்திரை, வைகாசி வரையில் செய்துகொண்டிருந்தார்கள். அந்த மாதங்களில் பிருல் காய்ந்து கிடக்கும், காற்று வீசும், ஒரு பொறி பறந்தால் போதும். ஆகவே மார்ச் மாதம் முடிவதற்குள் ஓண் வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்து, ஏப்ரல் 1-ந் தேதியை 'ஓண் தினம்' என்று கொண்டாடுகிறார்கள். இந்த யோசனையைச் சர்க்காரும் இப்போது மற்ற இடங்களுக்குச் சிபாரிசு செய்கிறார்கள்.

இந்தச் சிறு ஏற்பாட்டின் அருமை தெரிய வேண்டுமானால் அல்மோராவுக்கு வடக்கே பின்ஸார் சரணாலயத்துக்குப் போக வேண்டும். 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அங்கே காட்டுத் தீயை அணைக்கப் போன வன ஊழியர்கள் நெருப்பில் சிக்கிக்கொண்டார்கள். நால்வர் அங்கேயே மடிந்தார்கள். இருவர் பின்னர் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார்கள். பெரும்பாலும் தினக் கூலிக்கு வேலை செய்த ஏழைகள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸீத்லாகேத்துக்கு அல்மோராவிலிருந்து ஜீப் வண்டி கிடைக்கும். கோயிலுக்குக் காட்டு வழியே நடந்துதான் ஏற வேண்டும். பங்குனியில் போனால் புராம்ச் பூவைப் பார்க்கலாம். வழிக் கடைகளில் அந்தப் பூவின் சர்பத்தும் கிடைக்கிறது. வைகாசியில் போனால் காபல் பழம். பாதையில் எதிரே விறகுக் கட்டு வந்தால் மலைப் பக்கமாக ஒதுங்கி நின்று வழி விட வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால் கட்டு இடித்துக் கீழே போக நேரும். சுருட்டுப் பிடிக்கும் வழக்கமுள்ளவர்கள் தீப்பெட்டியைக் காத்கோதாமிலேயே விட்டுவிட்டுப் போவது உத்தமம்.